அண்டாத் தண்ணீர் சூடாகும் வரை

மணி பத்தேகால். முகத்தில் கை வைக்கக் கூடாது. அரிக்கிறது என்று நினைக்கவும் கூடாது, நினைத்தால் அது காதில் வாங்கிக்கொண்டு இன்னும் அரிக்கும். இடது கன்னத்தில் மூக்கை ஒட்டி ஒரு செதில் எழும்பி நிற்கிறது. கண்ணைத் தாழ்த்தினால் அதன் ஓரம் தெரிகிறது, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி. நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும், அவ்வளவு சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தை நினைத்த மாத்திரத்தில் வலது கை ஆள்காட்டி விரல் தானாக எழுந்திருக்கிறது. உட்கார் என்கிறேன் விரலிடம். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவையே உட்கார வைத்தவள் நான், நீ எம்மாத்திரம். செதில் தானாக விழ வேண்டும். மதுரையில் டாக்டரம்மா மூன்று தடவை சொல்லி அனுப்பினார். "காயவே விடாதீங்க மேடம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வாசலின் போடுங்க. தோல் காஞ்சு இழுத்துச்சுன்னா வெடிப்பு விழும். பிச்சு எடுத்தா கருப்பா நிக்கும், வெயில் பட்டா அதவிடக் கருப்பு." இப்போது காய்கிறது. ஒன்பது மணிக்குப் போட்டது ஃபேன் காற்றில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாயைத் திறந்தால் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன, சின்ன அளவில் தைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்ட மாதிரி முகம் முழுக்க ஒரு இறுக்கம். பதினொன்றுக்குத்தான் அடுத்த பூச்சு. முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் என்னால் இருக்க முடியும், ஒரு பீரியட் அவ்வளவுதானே.

ஆனால் இன்றைக்குக் கணக்கு வாசலினோடு முடியவில்லை. பின்வாசல் முற்றத்தில் பித்தளை அண்டாவில் தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, காலை ஏழு மணிக்கே அத்தை இழுத்து வைத்தார். இழுத்த சத்தம் இங்கே கட்டில் வரைக்கும் கேட்டது. உச்சி வேளைக்குள் அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அரைத்த மஞ்சளும் வேப்பிலையுமாக முகத்தில் அப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்தாம் நாள் முதல் தண்ணீர். ஏனென்றால் எனக்கு அம்மை போட்டிருக்கிறது. இந்தத் தெரு முழுக்க எனக்கு அம்மை போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு அம்மை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் அது லேசர் என்று தெரியும்.

நான் பொய் சொல்லவில்லை. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதிலேயே தெரிகிறது. வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தபோது என் கையில் வேறு ஒரு பொய் தயாராக இருந்தது. புது க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதாக இருந்தேன். கதவைத் திறந்தது அத்தை. துப்பட்டா நழுவியது. சிவந்து வீங்கி, புள்ளி புள்ளியாக நீர் கோத்திருந்த முகத்தை அத்தை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "ஆத்தா, வந்துட்டியா. எங்க வீடு தேடி வந்துட்டியா தாயே." பத்தொன்பது வருஷத்தில் என் மாமியார் வெள்ளத்தாய் என் முன்னால் தலை குனிந்ததில்லை. க்ரீம் பொய் கையிலேயே நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைக் கூட்டி வந்து, பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி, ஒரு விநாடி என்னைப் பார்த்தார், ஒரு விநாடி அவருடைய அம்மாவைப் பார்த்தார், பிறகு அறைக்குள் வந்து காதோரமாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. பேசாமப் படுத்துக்கோ. யாரும் உள்ள வர மாட்டாக, வெயில்ல போகச் சொல்ல மாட்டாக." டாக்டர் சொன்ன அத்தனையும் மாரியம்மனே ஏற்பாடு செய்துகொடுத்தது போல அவருக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலத்துக்குள் வாசல் நிலையில் வேப்பங்கொத்து ஏறிவிட்டது. அப்போதும் நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததும் பொய்தான். வகுப்பில் ஒரு பெண் விடைத்தாளை மறைத்துக்கொண்டு இப்படி நின்றால் நான் விட்டிருப்பேனா?

ஐந்து நாளாக வீட்டில் தாளிப்பு இல்லை. வடைச்சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. கண்ணாடியை எடுத்துப் பரணில் போட்டாகிவிட்டது. எண்ணெய் என்ற பேச்சே எடுக்கக் கூடாத வீட்டில் நான் தலையணை உறைக்குள் வாசலின் டப்பாவை ஒளித்து வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஒற்றி எடுத்து, கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூசுகிறேன். மூன்றாம் நாள் அத்தை எட்டிப் பார்த்தபோது முகம் பளபளவென்று இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா குளுந்துட்டா. முகத்துல என்ன மினுக்கம் பாரு." உடம்பில் ஒரு முத்துகூட இல்லையே என்று பக்கத்து வீட்டு ராஜலட்சுமி வாசலில் நின்று கேட்டதற்கும் அத்தைதான் பதில் சொன்னார். "முகத்தோட நிறுத்திக்கிட்டா. எரக்கமுள்ள தாயி." சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்தால் தோல் வெடிக்கும் என்று அடக்கினேன். அடக்கிய பிறகு அழுகை வந்தது, அதுவும் ஆகாது, உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். மணிக்கு ஒரு தடவை கதவுக்கு அந்தப் பக்கம் குரல் வருகிறது, இளநி குடிக்கிறியா தாயி, நொங்கு வாங்கியாரவா தாயி, காத்து வருதா தாயி. பத்தொன்பது வருஷமாக எனக்கு இந்த வீட்டில் பெயர் டீச்சரம்மா. டீச்சரம்மாவுக்கு நேரமாச்சு போல. டீச்சரம்மா இன்னிக்கும் ரசம்தானா. இந்திராணி என்று ஒரு தடவை கூப்பிட்டது கிடையாது. இந்தக் குழைவு எனக்கு இல்லை, எனக்குள் வந்து இறங்கியிருப்பதாக அவர் நம்புகிற ஒருத்திக்கு. தெரிந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் அத்தை கூப்பிடப் பத்து நிமிஷம் தாமதமானதற்கு எனக்குக் கோபம் வந்தது, அது வேறு.

பத்தரை. அரிப்பு நெற்றிக்குப் போய்விட்டது. நல்லது, கன்னத்துக்கு லீவு. இந்த முகத்தை நான் எதற்காகக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டேன்? பதினைந்து வயதில் வந்த பரு. பதினெட்டில் போனது. போகும்போது குழியை விட்டுவிட்டுப் போனது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் வெள்ளத்தாய் தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "முகந்தான் கொஞ்சம் மேடும் பள்ளமுமா இருக்கு. இருக்கட்டும், சம்பளம் வருதுல்ல." காபியை நான் சிந்தவில்லை. நிமிர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாக்கியம் மட்டும் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டது. கல்யாணப் புகைப்படத்தில் அது இருக்கிறது. ஒவ்வொரு தடவை அத்தை என் முகத்தை நேராகப் பார்க்கும்போதும் பள்ளம் எது மேடு எது என்று எண்ணுவதாக எனக்குத் தோன்றும். ஆனால் அதற்காகவும் இல்லை. போன டிசம்பரில் ஒன்பதாம் வகுப்பு முத்துச்செல்வி, கன்னம் முழுக்கப் பருவோடு, லேபில் எல்லோரும் போன பிறகு நின்று, "இது போயிருமா மிஸ்?" என்று கேட்டாள். போய்விடும் என்று சொல்ல என் முகம் என்னை விடவில்லை. சுண்ணாம்பு நீர் பால் போல மாறுவதற்குக் காரணம் கேட்டால் தெரியும். இதற்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே போனில் தேடினேன். நாற்பத்து நான்கு வயதில் உனக்கு என்ன மினுக்கு என்று கேட்பார்கள். கேட்கட்டும். என் தோல். நான் செய்துகொண்டேன். அதில் எனக்குத் துளி வருத்தமில்லை, இதையும் அத்தையிடம் சொல்ல வேண்டும். எதையும் சொல்வதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது? பித்தளை சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், தன் வெப்ப ஏற்புத்திறன் அதிகம், இரண்டு மதிப்பெண் கேள்வி. பங்குனி வெயில். பன்னிரண்டுக்கு முன்னால் ஆகிவிடும்.

மஞ்சளை மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். கண் எரிகிறது, முகத்தில் வேண்டாம், கையில் பூசுங்கள் என்று ஆத்தா உத்தரவு கொடுத்துவிடலாம், ஆத்தா சொன்னால் அத்தை கேட்பார். இந்த யோசனை எனக்கு வந்தபோது எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. விஷயம் மஞ்சள் இல்லை. விஷயம் நேற்று சாயங்காலம் கதவுக்கு வெளியே அத்தை ராஜலட்சுமியிடம் சொன்னது. "ஆத்தாகிட்ட வாய் விட்டுட்டேன் ராசு. இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கப்போறேன். நாளைக்கு அவளுக்குத் தண்ணி ஊத்திட்டு அப்படியே போயி உச்சி பூசைல காப்புக் கட்டிக்கிடணும், கடைசி நாளு." காப்புக் கட்டிவிட்டால் பதினோரு நாள் காலில் செருப்புக் கிடையாது. பதினோராம் நாள் வேப்பிலையை அணையாக வைத்துச் சட்டியில் நெருப்பை ஏந்திக்கொண்டு தார் ரோட்டில் கோவில் வரைக்கும் நடக்க வேண்டும். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. இருபது வருஷத்துச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாண வீட்டில் ஒரு முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. வீங்கிக் கறுத்த பிறகுதான் தெரிந்தது. வலது காலில் சுண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் அந்தக் காலுக்குக் கட்டுப் பிரிக்கும்போது பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். எங்களுக்குள் பேச்சே இல்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அடுத்த புண் வந்தால் விரலோடு நிற்காது, வெறுங்காலோடு வாசலுக்குக்கூட விடாதீர்கள். அவர் கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பை அத்தை வீட்டுக்குள்ளும் போட்டுத்தான் நடப்பார். அதன் தப் தப் சத்தம் எனக்குப் பிடிக்காது. ஐந்து நாளாக அந்தச் சத்தம் இல்லை. ஆத்தா இருக்கிற வீட்டில் செருப்பா என்று கழற்றி வாசலில் போட்டுவிட்டார்.

பத்து ஐம்பது. சுந்தரபாண்டிக்குப் போன் போட்டேன். அவர் வேலை பார்க்கிற மில்லின் சத்தம். "இப்பப் போயி சொல்லாத இந்திரா. அஞ்சு நாளு ஓடிருச்சு. இன்னும் ஒரு வாரம். அம்மா காப்புக் கட்டுறதை நான் வந்து ஏதாச்சும் சொல்லி நிறுத்துறேன்." எப்போது வருவீர்கள் என்றேன். ஆறு மணி என்றார். காப்பு உச்சி பூசையில். அவருக்கு அவருடைய அம்மாவிடம் பயம், அம்மா கோபிப்பார் என்று பயம். எனக்கும் பயம்தான், நான் வேறு மாதிரிப் பயப்படுகிறேன். உண்மையைச் சொன்னால் மாரியம்மனை வைத்து விளையாடியவள் ஆகிவிடுவேன், தெரு பேசும், பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்பு என்ன ஆகும், ராஜலட்சுமி பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பாள். அதற்கும் கீழே இன்னொரு பயம் இருக்கிறது, அறிவியல் டீச்சர் என்பதால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவள் பெயரைச் சொல்லிப் படுத்திருக்கிறேனே, நிஜமாகவே வந்துவிட்டால்? வரட்டும். வந்தால் அவளிடமும் சொல்கிறேன். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் கீழே, நாளையிலிருந்து தாயி என்று யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது. அதுதான் செதிலை விட மோசமாக அரிக்கிறது. ஐந்து நாளாக நான் சொல்லாமல் இருந்ததற்கு மற்றதெல்லாம் சாக்கு. இதுதான் காரணம். கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான்.

பதினொன்று. எழுந்து கழுவினேன். ஒற்றினேன். வாசலினை விரலில் எடுத்துத் தேய்க்காமல், அழுத்தாமல், மேலே மேலே வைத்தேன். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், மேலுதடு. இறுக்கம் மெல்ல விட்டுக்கொடுக்கிறது. செதிலைத் தொடவில்லை. இன்றைக்கு டப்பாவைத் தலையணைக்குள் வைக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தேன். பதினொன்றே முக்கால். அம்மியில் மஞ்சள் உருளும் சத்தம் நின்றுவிட்டது. அத்தை அண்டாவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு தனக்குத் தானே ஏதோ சொல்கிறார். வெறுங்கால் நடை கூடத்தைத் தாண்டி வருகிறது. தள்ளிப்போட்டால் இன்னும் அரை மணி நேரம் தள்ளிப்போடலாம், தலை சுற்றுகிறது என்றால் போதும். மாட்டேன். நான்தான் கதவைத் திறந்தேன். அத்தை கையில் கிண்ணத்தோடு பின்வாங்கினார். "ஐயோ, வெளிய வராத தாயே, நான்தான் கூப்பிடுவேன்ல."

"தாயேன்னு சொல்லாதீங்க அத்தை. எனக்கு அம்மை இல்ல."

கிண்ணம் அப்படியே நின்றது. பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன், வேறு குரலில் சொன்னால் உடைந்துவிடும். "மதுரைல லேசர் வச்சுக்கிட்டேன். பரு வந்த குழிய சரி பண்ண. மேல் தோலைச் சுட்டு எடுத்துருவாக, புதுசா வளரும். அது வரைக்கும் வெயிலு ஆகாது. அன்னிக்கு நீங்களா ஆத்தான்னு கும்பிட்டீங்க, நான் பேசாம இருந்துட்டேன். உங்க மகன் மேல தப்பில்ல. நான்தான் பேசியிருக்கணும்." அத்தை என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அஞ்சு நாளா நான் யாரக் கும்பிட்டேன்?"

"என்னத்தான்."

"நாலு வீட்டுல சொல்லிட்டு வந்தேன், ஆத்தா எம் வீட்டுக்கு வந்திருக்கான்னு." கோபம் இல்லை அந்தக் குரலில். கையில் வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை. அதைத் தாங்காமல் வேறு எதையோ பேசினேன். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, மேடும் பள்ளமும் என்றீர்கள் என்றேன். "சொன்னேனா?" என்றார் அத்தை. நிஜமாகவே யோசித்தார். பத்தொன்பது வருஷம் நான் சுமந்த வாக்கியம் அவருக்கு ஞாபகமே இல்லை. "சொல்லியிருப்பேன், சொல்றவதான்." மஞ்சள் விரல்களை முந்தானையில் துடைத்தார். "ஆனா கேட்டுக்க. நான் உன் உசுருக்காக வாய் விடல. இந்தக் காலத்துல அம்மைல யாரு போறா. முகத்துல வடு வைக்காம எறங்கிரு ஆத்தான்னுதான் வேண்டுனேன். இருக்கிறதுக்கே அந்தப் புள்ள பீரோக் கண்ணாடி முன்னால நின்னு நின்னு பாக்குது, இன்னும் வச்சுராதேன்னு வேண்டுனேன்."

நான் கண்ணாடி முன்னால் நின்றதை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். கண்ணீர் வந்தது, வாசலின் மேல் நிற்காமல் ஓடியது. அத்தை எழுந்துவிட்டார். "சரி. நேரமாச்சு, நான் கோவிலுக்குப் போறேன்." எதற்கு என்றேன். "காப்புக் கட்ட. அம்மையோ லேசரோ, கேட்டது ஒண்ணுதான். வாய் விட்டது விட்டதுதான்." வெறுங்காலோடு கூடத்தைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். அந்த நடையை நான் அறிவேன், கையைப் பிடித்தால் உதறிவிட்டுப் போகிற நடை. சொல்லி நிறுத்த முடியாது. ஓடினேன். அவரை முந்திக்கொண்டு வாசற்படி இறங்கி, வேப்பங்கொத்துக்கு வெளியே, நடுத்தெரு வெயிலில் போய் நின்றுகொண்டு முகத்தை நிமிர்த்தினேன். ஐந்து நாளாக ஒரு கீற்று வெளிச்சம் படாத தோல். வெயில் அதன்மேல் சுடுசோற்றை அள்ளி வைத்த மாதிரி இறங்கியது. ராஜலட்சுமி வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

அத்தை படியில் நின்றுவிட்டார். "என்ன பண்ற? வெயிலு ஆகாதுன்னுதானே இருட்டுல கெடந்த?"

"ஆகாது. கருத்துப் போகும். நீங்க செருப்பைப் போடுங்க, நான் உள்ள வாரேன்."

"காப்புக் கட்டப் போறவ செருப்புப் போடுவாளா?"

"அதான் சொல்றேன். போடுங்க. அடுத்த வருசம் சட்டிய நான் எடுக்கிறேன். வேண்டுதல் உங்களது, நடக்கிறது நானு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்." மூக்குத் தண்டு எரிகிறது. கன்னம் எரிகிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, இப்படி ஒருத்தி போய் நிற்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த போதும் இப்படித்தான், விட்டுவிடலாம் என்று தோன்றும், விடவில்லை.

"அறிவு கெட்டவளே, உள்ள போ!"

"செருப்பு."

"ஏ இந்திராணி, மூஞ்சில வெயில் அடிக்குதுடி. அத்தன பாடுபட்ட முகம்டி. போடி உள்ள." கையைத் தூக்கி எனக்கு நிழல் பிடிப்பவர் போல நீட்டினார், எட்டவில்லை. இறங்கி வந்தால் எட்டும், வந்தால் வெறுங்கால் ரோட்டில் படும், அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். நான் கண்ணை மூடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கோவிலில் உச்சி பூசை மணி அடிக்க ஆரம்பித்தது. அத்தை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே வலது காலை நீட்டினார். நான்கு விரல்கள் செருப்பைத் தேடிப் படியில் துழாவின.